சம்மட்டி அடிச்சா ஹோம் ரன் வருமா?

எங்க பேஸ்பால் கிரவுண்ட்ல இப்ப ரெண்டு கட்சி. ஒரு கட்சி சொல்லுது, சம்மட்டி எடுத்து டயர் மேல அடி, கர்லா கட்டை சுத்து, தோள் ஏறும், அப்புறம் பால் தானா காம்பவுண்டு சுவர தாண்டும், கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி ஹோம் ரன் தான்னு. இன்னொரு கட்சி, அதெல்லாம் பண்ணா உடம்பு இறுகிடும், ஸ்விங் செத்துடும், பேட்டுக்கு பேட்டு தான் பயிற்சின்னு. காலேஜ் வரைக்கும் ஆடுனவன்ற ஒரே தகுதியில என்ன நடுவுல இழுத்து விட்டு "அண்ணா நீங்களே சொல்லுங்கண்ணா"ன்றானுங்க, சொல்ல ஆரம்பிச்சா ரெண்டாவது வாக்கியத்துலயே மறுபடி சண்டை, அதனால தான் உக்காந்து எழுதிட்டேன். நீளமா தான் போகும், பொறுத்துக்கோங்க.

கிருஷ்ணகிரில பேஸ்பாலான்னு சிரிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்கூல் கேம்ஸ்ல சாஃப்ட்பாலும் இருக்கு பேஸ்பாலும் இருக்கு, ஸ்போர்ட்ஸ் கோட்டால சீட்டு கிடைக்கும்னு பி.டி. சார் சொல்லி ஆரம்பிச்ச பசங்க தான் நிறைய பேரு, அதுல கொஞ்ச பேருக்கு நிஜமாவே பைத்தியம் புடிச்சிடும். எங்க டீம்ல பாதி பேரு வீடு கல்லு வேலைல தான் ஓடுது, பர்கூர் ஜெகதேவி பக்கம் கிரானைட்டு, கிரஷர், பாலிஷ் பட்டறை, அப்பனோ மாமனோ அதுல இருப்பாங்க. அதனால சம்மட்டின்றது இங்க யூடியூப்ல பாத்து வாங்குற சாமான் இல்ல, வீட்டு பின்னாடி சாத்தி வெச்சிருக்கும்.

சரி, விஷயத்துக்கு வரேன். அமெரிக்காவோட மேஜர் லீக்ல பிட்சர், அதாவது பால் போடுறவன், நிக்கிற ரப்பர் பட்டைல இருந்து பேட்டர் பக்கம் இருக்குற ஹோம் பிளேட் வரைக்கும் 18.44 மீட்டர். 145 கிலோமீட்டர் வேகத்துல பால் வந்தா பேட்டர்கிட்ட வந்து சேர சுமார் 0.4 விநாடி. அதுல ஸ்விங்குக்கு மட்டும் 0.15 விநாடி போயிடும், மிச்சம் இருக்குற கால் விநாடில தான் என்ன பால், எங்க வருது, அடிக்கலாமா விடலாமான்னு முடிவு பண்ணணும். இப்ப உன் ஸ்விங்குக்கு 0.02 விநாடி கூடுதலா ஆகுதுன்னு வெச்சுக்கோ, அந்த நேரத்துல பால் 80 சென்டிமீட்டர் ஓடியிருக்கும். அதாவது அவ்ளோ தூரம் முன்னாடியே நீ முடிவு எடுக்கணும். அதனால ஸ்விங் வேகம்னா வெறும் தூரத்துக்கான சமாச்சாரம் இல்ல, பாலை கூடுதலா கொஞ்ச நேரம் பாக்குறதுக்கான சமாச்சாரமும் தான், இத எங்க பசங்க யாரும் யோசிக்கறதே இல்ல, எல்லாருக்கும் காம்பவுண்டு சுவரு மட்டும் தான் கண்ணுல தெரியுது.

தூரத்தையே எடுத்துப்போம். இல்லினாய்ஸ் யுனிவர்சிட்டில ஆலன் நேதன்னு ஒரு பிசிக்ஸ் புரொபசர், பேஸ்பால் பேட்ட பத்தியே வருஷக்கணக்கா வேலை பண்ணவரு. அவரு கணக்குப்படி பேட் வேகம் மணிக்கு ஒரு மைல் கூடுனா பால் கிளம்புற வேகம் சுமார் 1.2 மைல் கூடும், ஆனா பிட்சர் போடுற பால் ஒரு மைல் கூடுனா 0.2 தான் கூடும். அப்ப எல்லாமே பேட் வேகத்துல இருக்கு. 2024ல இருந்து மேஜர் லீக்ல ஒவ்வொரு ஸ்விங்கோட வேகத்தையும் அளந்து வெளியிடுறாங்க, சராசரி 115 கிலோமீட்டர் பக்கம், ஜியான்கார்லோ ஸ்டான்டன் மட்டும் 130 தொடுறான். ஆளு ஆறரை அடி, பாறை மாதிரி உடம்பு. உடனே சம்மட்டி கட்சி விசில் அடிக்கும். அடிங்க, ஆனா ஜப்பான்காரர் இச்சிரோவையும் பாத்துட்டு அடிங்க. எடை தூக்கி உடம்ப பெருக்குனா ஸ்விங் கெட்டுடும்னு ஊரறிய சொன்ன ஆளு, ஒல்லிக்குச்சி, 2004ல மேஜர் லீக்ல ஒரே சீசன்ல 262 ஹிட் (அடிச்சு பேஸ் சேந்தது), இன்னைக்கு வரைக்கும் அது ரெக்கார்டு. ரெண்டு பேரும் அவங்கவங்க உடம்புக்கு ஏத்த ஆட்டம் ஆடுனாங்க, அதுல இருந்து ஒரு கட்சி ஜெயிச்சதா சொல்ல முடியாது.

இப்ப கனமான பேட்டு சுத்துற கதை. பேட்டிங்குக்கு போறதுக்கு முன்னாடி, தன் முறைக்கு காத்திருக்குற வட்டத்துல நின்னுக்கிட்டு பேட்டு மேல ஒரு இரும்பு வளையம் மாட்டி சுத்துவாங்க பாத்திருப்பீங்க, டோனட்னு பேரு. முன்னெல்லாம் ரெண்டு மூணு பேட்ட சேத்து புடிச்சு சுத்துவாங்க, 1960கள்ல நியூயார்க் யாங்கீஸ் டீம் கேட்சர் எல்ஸ்டன் ஹோவர்ட் இத எடுத்துட்டு வந்து பரப்புனதும் எல்லா டீமும் புடிச்சிக்கிச்சு. அந்த டீமுக்கு ஆடுன முதல் கருப்பின வீரர் அவரு தான், 1963ல எம்.வி.பி., அதாவது சீசனோட சிறந்த வீரர் விருது கூட வாங்குனாரு. அவரு மேல எனக்கு மரியாதை ஜாஸ்தி, வளையம் மேல தான் மரியாதை இல்ல.

ஏன்னா கணக்கு போட்டு பாருங்க. மர பேட்டு 900 கிராம். வளையம் 450 கிராம்னு வெச்சா மொத்த எடை ஒன்றரை மடங்கு தான். ஆனா அந்த 450 கிராம் உக்காந்திருக்கிற இடம் பேட்டோட தலைப்பக்கம், கைல இருந்து ரெண்டடி தள்ளி. சுத்துற பொருளுக்கு எடை மட்டும் கணக்கு இல்ல, கைல இருந்து எவ்ளோ தூரத்துல இருக்குன்றதோட வர்க்கமும் சேந்து பெருகும், பிளஸ் ஒன் பிசிக்ஸ்ல நிலைமத் திருப்புத்திறன்னு படிச்சது தான். அதனால வளையம் மாட்டுன பேட்டு சுத்துறதுக்கு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கனம். 5 கிலோ சம்மட்டிக்கு இதே கணக்க போட்டேன், பத்து மடங்குக்கு மேல போகுது. பத்து மடங்கு கனத்த உன் உடம்பு எப்படி சுத்தும்? பேட்ட சுத்துற மாதிரி சுத்தவே சுத்தாது, சுத்த முடியாது. வேற தசை முன்னாடி வரும், வேற நேரத்துல வரும்.

இத ஆராய்ச்சியாவே பண்ணி பாத்திருக்காங்க. கூப் டெரென்னேன்னு ஒருத்தர், ஹவாயில இருந்தவரு, 1990கள்ல வித விதமான எடைல வார்ம் அப் பண்ண விட்டு அப்புறம் சொந்த பேட்டோட வேகத்த அளந்தாரு. ஆடுற பேட்டு எடைக்கு பக்கத்துல, பத்து பன்னெண்டு சதவீதம் கூட குறைய இருக்குறத சுத்துனவங்களுக்கு தான் வேகம் நல்லா வந்துது. வளையம் மாட்டுனவங்களுக்கு தான் மோசம். 2002ல ஜப்பான்காரங்க இன்னும் ஒரு படி மேல போயி, வேகத்தோட சேத்து "உனக்கு எப்படி இருந்துச்சு"ன்னும் கேட்டாங்க. கனத்த சுத்திட்டு வந்து போடுற முதல் ஸ்விங் நிஜத்துல மெதுவாயிடுது, ஆனா ஆடுறவன் வேகமா சுத்துனதா நினைக்கிறான். நிறைகுடம் ரெண்டு தூக்கிட்டு வந்து இறக்கி வெச்சதும் கை காத்துல மிதக்குற மாதிரி இருக்குமே, அதே தான். இந்த ஏமாத்து வேலை தான் அந்த வளையத்த அறுபது வருஷமா உயிரோட வெச்சிருக்கு, உடம்பு பொய் சொல்லும்போது யாருக்கு சந்தேகம் வரும் சொல்லுங்க.

நம்பாதவனுக்கு போன் இருக்கு. ஸ்லோ மோஷன்ல 240 ஃபிரேம் எடுக்குற போன் இப்ப பாதி பேர்கிட்ட இருக்கு, 0.15 விநாடின்னா 36 ஃபிரேம். எங்க டீம்ல நல்லா திடமான ஒரு பையன், மூணாவது பேஸ் ஆடுறவன், அவனை சம்மட்டிய சுத்த விட்டு உடனே பேட்ட குடுத்து எடுத்தோம். முன் கால் தரைய தொட்டதுல இருந்து பேட்டு பிளேட்டுக்கு மேல வர்ற வரைக்கும் ஃபிரேம் ஃபிரேமா நகத்தி எண்ணுனோம், ரெண்டு மூணு ஃபிரேம் கூடுதலா வருது. அதவிட எனக்கு கண்ணுல பட்டது அவன் கை. சாதாரண ஸ்விங்ல பின் முழங்கை விலாவ ஒட்டி உள்ள வரும், பேட்டு தலை பின்னாடி தங்கும், இடுப்பு திரும்பி முடிச்சப்புறம் தான் தலை சாட்டை மாதிரி வரும். சம்மட்டிக்கு அப்புறம் முழங்கை வெளிய போயிடுச்சு, ரெண்டு கையும் நீட்டிக்கிட்டு, இடுப்பும் தோளும் ஒண்ணா சேந்து கதவு மாதிரி திரும்புது. "எப்படிடா இருந்துச்சு"ன்னா "செம ஃபாஸ்ட்டுண்ணா"ன்றான். வீடியோவ காட்டுன பிறகு தான் வாய மூடுனான். ஒரே ஒரு ஆள வெச்சு எடுத்தத ஆராய்ச்சின்னு சொல்ல மாட்டேன், ஆனா பாக்கறதுக்கு பாடம் அது.

சம்மட்டிய நிஜமா அடிக்கத் தெரிஞ்ச ஆளுங்க எப்படி அடிக்கிறாங்கன்னு ஒரு நாள் போயி பாருங்க. பெரிய குவாரில எல்லாம் இப்ப டைமண்டு வயர் போட்டு அறுத்துடறாங்க, ஆனா சின்ன கல்லு உடைக்கிற இடத்துல இன்னும் குழி போட்டு ஆப்பு எறக்கி சம்மட்டில தான் அடிப்பாங்க. ரெண்டாவது பேஸுக்கும் மூணாவது பேஸுக்கும் நடுவுல நிக்கிற எங்க ஷார்ட்ஸ்டாப் பையனோட மாமா ஒருத்தரு, அம்பது தாண்டியிருக்கும், தொப்பை கூட இருக்கு, அவரு அடிக்கிறத பாத்தா சம்மட்டிக்கு எடையே இல்லையோன்னு தோணும். மேல தூக்கும்போது வலது கை சம்மட்டி தலைக்கு பக்கத்துல இருக்கும், மேல போனதும் அந்த கை காம்பு வழியா வழுக்கி இடது கைகிட்ட வந்து சேரும், அப்புறம் அவரு அடிக்கிறதே இல்ல, முழங்கால மடக்கி உடம்ப கீழ இறக்குறாரு, சம்மட்டி அது பாட்டுக்கு விழுது. ஆப்பு தலைல நேரா விழும், ஒரு நூல் தள்ளி விழாது. "மாமா, கை வலிக்காதா"ன்னு கேட்டா "கைல அடிச்சா தானடா வலிக்கும்"னாரு. அதுல ஒரு முழு கோச்சிங் கிளாஸ் இருக்கு, உடம்புல இருந்து சக்தி வரணும், கை கடைசியா வரணும்னு. ஆனா பாதை வேற. அவரு மேல இருந்து கீழ, பேட்டரு பக்கவாட்டுல, அதுலயும் பிட்சர் நிக்கிற மேட்டுல இருந்து பால் கொஞ்சம் இறங்கி வர்றதால பேட்டு லேசா மேல ஏறி போயி சந்திக்கணும். வழுக்குற கை பேட்டிங்ல கிடையாது. டயர் மேல ஓங்கி ஓங்கி அடிச்சு பழகுனவன் பிளேட்டுல நின்னா பாலை வெட்டுறான், கிரவுண்ட் பால் கிரவுண்ட் பாலா ஷார்ட்ஸ்டாப்புக்கு போகுது.

இதெல்லாம் படிச்சிட்டு ரெண்டாவது கட்சி கொடி ஏத்த வேணாம், உங்களுக்கும் இருக்கு. எடை தூக்குனா உடம்பு இறுகும்ன்ற பேச்சு அமெரிக்காவுலயே ரொம்ப காலம் இருந்துச்சு, கோச்சுங்களே பசங்கள ஜிம் பக்கம் விடமாட்டாங்க, இன்னைக்கு ஜிம் இல்லாத மேஜர் லீக் டீம் கிடையாது. 1938லயே ஏ.வி. ஹில்ன்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி தசைய பத்தி எழுதிட்டாரு, சுமை கூடுனா சுருங்குற வேகம் குறையும், சுமை குறைஞ்சா வேகம் கூடும்னு. அத அரைகுறையா படிச்சிட்டு "பாத்தியா, கனம்னா மெதுவு"ன்னு முடிக்கிறாங்க. முழுசா பாத்தா, ஒருத்தனோட மொத்த பலம் கூடுனா 900 கிராம் பேட்டு அவனுக்கு இன்னும் சின்ன சுமை ஆயிடுது. பதினாறு பதினேழு வயசு பையன், ஒழுங்கா ஒரு ஸ்குவாட்டு போடத் தெரியாதவன், அவனுக்கு எந்த பலம் வந்தாலும் ஸ்விங்ல தெரியும். டேவிட் சைமன்ஸ்கின்ற ஆராய்ச்சியாளர் ஹைஸ்கூல் பசங்கள 12 வாரம் எடைப் பயிற்சி பண்ண வெச்சாரு, எல்லாருக்கும் பலம் கூடுச்சு, அதோட மெடிசின் பாலை (கனமான பயிற்சி பந்து) உடம்ப திருப்பி வேகமா எறிஞ்ச குரூப்புக்கு இடுப்ப சுத்துற பலம் இன்னும் ஜாஸ்தி கூடுச்சு. அவரே வேற ஒரு குரூப்புக்கு மணிக்கட்டு முன்கை பயிற்சி மட்டும் கூடுதலா குடுத்து பாத்தாரு, பிடி பலமாச்சு, பேட் வேகம் கூடுதலா ஒண்ணும் ஏறல. மணிக்கட்டு மணிக்கட்டுன்னு செங்கல்ல கயிறு கட்டி உருட்டிக்கிட்டு இருக்கீங்களே, அதுக்கு தான் சொல்றேன்.

அப்ப கனமான பேட்டே கூடாதான்னா, அங்க தான் எனக்கு புடிச்ச ஆளு வராரு. சுத்தி எறிதல்ல, அதாவது கம்பில கட்டுன இரும்பு குண்ட எறியிற ஹாமர் த்ரோல, யூரி செடிக், சோவியத்காரரு, 1986ல 86.74 மீட்டர் எறிஞ்சாரு, இன்னும் எவனும் தொடல. அவரோட கோச் பொண்டார்ச்சுக் கனமான சுத்தியும் குடுப்பாரு, லேசான சுத்தியும் குடுப்பாரு, ஆனா எறியிற அசைவு கெட்டுப் போகுற அளவுக்கு கனத்த குடுக்க மாட்டாரு. பேஸ்பால்லயும் இப்ப விக்கிற பயிற்சி பேட்டுங்க 20 சதவீதம் கூட, 20 சதவீதம் குறையன்னு தான் வருது. டெரென்னேயும் 12 வாரம் கொஞ்சம் கனம், கொஞ்சம் லேசு, சாதா பேட்டுன்னு கலந்து குடுத்து பாத்தாரு, சாதா பேட்டு மட்டும் சுத்துனவங்கள விட அவங்க வேகம் நல்லா ஏறுச்சு. அதாவது மேட்சுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷத்துல கனத்த சுத்துறது வேற, மாசக்கணக்குல அளவா சுத்துறது வேற. எங்க பசங்க சண்டையில பாதி இந்த ரெண்டையும் போட்டு குழப்பிக்கிறதால வர்றது தான்.

நாங்க கனமான பேட்ட இங்கயே செஞ்சிக்கிட்டோம். பழைய மர பேட்டு, பஞ்சர் கடையில சைக்கிள் டியூப்ப பட்டையா வெட்டி வாங்கி பேரல் பக்கம், அதான் பேட்டோட தடிச்ச பக்கம், இறுக்கமா சுத்தி மேல இன்சுலேஷன் டேப். மளிகை கடை தராசுல வெச்சு வெச்சு 150, 160 கிராம் வரைக்கும் ஏத்துனோம், கடைக்கார அண்ணாச்சி "தக்காளிக்கு பில் போடவா பேட்டுக்கு போடவா"ன்னு ஓட்டுனாரு. லேசுக்கு சாஃப்ட்பால் பேட்டே போதும். கனம் சில சுத்து, லேசு சில சுத்து, கடைசில சொந்த பேட்டுன்னு மாத்தி மாத்தி, எல்லாமே முழு வேகத்துல. கனத்த மெதுவா சுத்தி களைச்சு போறதுல ஒரு புண்ணியமும் இல்ல.

கர்லா விஷயம் தான் பாக்கி, அதுல எனக்கு பாசம் இருக்கு, முன்னாடியே சொல்லிடறேன். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு தாத்தா, குஸ்தி ஆடுன உடம்பு, இன்னும் காலைல சுத்துறாரு. "எத்தன கிலோ தாத்தா"ன்னா "கிலோ யாருக்குடா தெரியும், எங்கப்பன் சுத்துனது"ன்றாரு. தோளுக்கு பின்னாடி கட்டைய தொங்க விட்டு, முதுகு ஓரமா ஒரு அரைவட்டம் போட்டு, முன்னாடி வரும்போது மூச்ச விடுறாரு, தோள்பட்டை எலும்பு தோலுக்கு அடியில நகர்றது தெரியும். தோள் மூட்டு முழுசா திறக்குது, முதுகு வேலை செய்யுது, பிடி ஏறுது, எறியிற கைக்கு இத விட நல்லது ஜிம்ல கிடைக்காதுன்னு நினைக்கிறேன். எங்க பையன் ஒருத்தன் போயி அத ரெண்டு கைல பேட்டு மாதிரி புடிச்சு பக்கவாட்டுல ஒரு வீசு வீசுனான், தாத்தா கொதிச்சிட்டாரு, "டேய் அது கட்டைடா, கம்பு இல்ல, இடுப்பு போயிடும் வை கீழ"ன்னு. எட்டாங்கிளாஸ் தாண்டாத மனுஷன், ஆராய்ச்சிக்காரங்க சொன்னத ஒரு திட்டுல சொல்லிட்டாரு. கர்லாவ கர்லாவா சுத்து, சம்மட்டிய சம்மட்டியா அடி, பேட்ட பேட்டா சுத்து, ஒண்ண ஒண்ணு மாதிரி நடிக்க வெக்காத.

ஜப்பான்ல சதஹரு ஓ, 868 ஹோம் ரன், மேல இருந்து தொங்குற காகிதத்த கத்தியால வெட்டி பழகுனாருன்னு உடனே ஒருத்தன் கிளம்புவான். ஆமா, வெட்டுனாரு. காகிதத்த வெட்டுறதுக்கு விளிம்பு நேரா போகணும், கோணுனா வெட்டாது. அது கனத்துக்கான பயிற்சி இல்ல, பாதைக்கான பயிற்சி.

அடி படுற விஷயத்தையும் சொல்லிடறேன். கனத்த முறுக்கி சுத்துனா முதல்ல போறது விலாவுக்கு பக்கத்துல இருக்குற சாய்வு தசை, இல்ல கீழ் முதுகு. பேட்டோட பிடி முனைல இருக்குற குமிழ் உள்ளங்கைல குத்துற இடத்துல கொக்கி மாதிரி ஒரு சின்ன எலும்பு இருக்கு, பேஸ்பால் ஆடுறவங்களுக்கு அது உடையிறது சகஜம். அங்க விடாம வலிச்சா அமுக்கி விட்டுட்டு ஆடாதீங்க, எக்ஸ்ரே எடுங்க, சாதா எக்ஸ்ரேல தெரியாமலும் போகும், டாக்டர்கிட்ட இந்த இடம்னு தொட்டு காட்டுங்க. ஒன்பதாவது பத்தாவது பசங்களுக்கு சம்மட்டி வேணாம், தண்டால், பஸ்கி, கயித்துல ஏறுறது, மெடிசின் பால் போதும். மெடிசின் பால் இல்லன்னா பழைய பாஸ்கெட்பால்ல மணல ரொப்பி ஒட்டு போட்டு சுவத்துல எறியலாம், எங்ககிட்ட இருக்குறது அது தான்.

சம்மட்டிய எப்ப வெக்கணும்னா, மேட்ச் இல்லாத மாசத்துல, வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள், பேட்டிங் பிராக்டிஸ் முடிஞ்சப்புறம் கடைசியா. ரெண்டு பக்கமும் அடிங்க, வலது கை ஆளுன்னு ஒரே பக்கம் அடிச்சிக்கிட்டே இருக்காதீங்க. ஜோனல் மேட்ச் நெருங்குனா நிறுத்திடுங்க. வட்டத்துல நிக்கும்போது சொந்த பேட்டு மட்டும், பிட்சர் கைய பாத்து நேரம் புடிச்சு சுத்துங்க. டயர் பைபாஸ் பஞ்சர் கடையில கேட்டா சும்மாவே குடுப்பாங்க, லாரி டயரா பாத்து வாங்குங்க, கார் டயர்ல அடிச்சா சம்மட்டி துள்ளி நேரா மூஞ்சிக்கு தான் வரும்.